அம்மா அப்பாவோடு மதுரையில் ஒரு நாள்: கோயில், கீழடி, தெப்பக்குளம் – முழுமையான வழிகாட்டி

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவில் வந்ததும் போடும் திட்டத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும். காலையில் மீனாட்சி, பத்து மணிக்கு மஹால், பதினொன்றுக்கு காந்தி மியூசியம், மதியம் அழகர்கோயில், அப்படியே மேலே பழமுதிர்சோலை, திரும்பும் வழியில் திருமோகூர், சாயங்காலம் திருப்பரங்குன்றம். இருபத்தைந்து வயதில் பைக்கில் சுற்றுவதற்குச் சரி. எழுபது வயது அம்மாவை வைத்துக்கொண்டு இப்படிக் கிளம்பினால் மூன்றாவது இடத்தில் அவர் காரைவிட்டு இறங்க மாட்டார். "நீங்க பாத்துட்டு வாங்கப்பா, நான் இங்கனயே இருக்கேன்" என்று கண்ணை மூடிவிடுவார்.

என் கணக்கு இவ்வளவுதான்: காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் படுத்து எழுந்திருக்க ஒரு கட்டில். வழியில் அவர்களுடைய பழைய இடம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தாலும் அது உங்களுக்காகத்தான் இருக்கும், அவர்களுக்காக இருக்காது.

முதலில் கேட்க வேண்டியது

"எங்கம்மா போகணும்?" என்று கேட்டால் வரும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "எனக்கென்ன, உனக்கு எது தோதோ அப்படிப் பண்ணு." இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வியை மாற்றுங்கள். "கல்யாணமான புதுசுல மதுரைக்கு வந்தா எங்க தங்குவீங்க?" "அப்பா சைக்கிள் வாங்குன கடை எந்தத் தெரு?" "உங்ககூடப் படிச்சவங்க யாரு மதுரையில இருக்காங்க?" இப்படி இரண்டு நாள் பேச்சுவாக்கில் கேட்டுவந்தால் போக வேண்டிய இடம் தானாக வெளியே வரும். மாசி வீதியில் ஒரு சந்து, படித்த பள்ளிக்கூடத்தின் வாசல், வடக்கு வெளி வீதியில் எப்போதோ குடியிருந்த லைன் வீடு, இப்படி ஏதாவது. அங்கே பத்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் போதும். அந்த வீடு இப்போது செல்போன் கடையாக மாறியிருக்கலாம், பரவாயில்லை.

சில பேருக்கு இடத்தைவிட ஆள்தான் முக்கியம். "பெரியத்தையப் பாத்து வருசம் ஆச்சு" என்று அம்மா சொன்னால் அதைத் திட்டத்தில் எழுதிவையுங்கள். ஆனால் உறவினர் வீட்டை நாளின் கடைசியில் வையுங்கள். காலையில் போனால் காபி, டிபன், "மதியம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று அன்றைய பொழுது அங்கேயே முடிந்துவிடும்.

உடம்புக்கு ஏற்ற கணக்கு

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மூன்று விஷயங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடிகிறதா? கைப்பிடி இல்லாத படியில் ஏற முடிகிறதா? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது? மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக வெளியே கிளம்பும் நாளில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். மதுரை வெயிலில் பெரியவர்களுக்குக் கிறுகிறுப்பு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால் எங்கெங்கே பாத்ரூம் இருக்கிறது என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். "சாப்பிடுற ஹோட்டல்ல இருக்கு, ரூம்ல இருக்கு, கீழடியில இருக்கு" என்று தெரிந்துவிட்டால் தைரியமாகத் தண்ணீர் குடிப்பார்கள்.

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அன்றைக்கு எத்தனை மணிக்குப் போடலாம் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அவர்களாகவே "இன்னைக்கு ஒருநாள் வேண்டாம்" என்று விட்டுவிடக் கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் விஷயத்தில் ஒரு சண்டை நிச்சயம் வரும். சாமி கும்பிடும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பார்கள். மாத்திரையையோ ஊசியையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வரிசையில் நிற்பது ஆபத்து. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தால் மீனாட்சி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சொல்லிப் பாருங்கள். மசியவில்லை என்றால் டாக்டரையே போனில் சொல்லவையுங்கள். பெற்ற பிள்ளை சொல்லிக் கேட்காதவர்கள் டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

எந்த மாதம், எந்தக் கிழமை

தை பாதியிலிருந்து மாசி கடைசிவரை நல்ல காலம். வெயில் இன்னும் ஏறியிருக்காது, சபரிமலைக்குப் போகிற கூட்டமும் ஓய்ந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி வந்தால் மீனாட்சி கோயில் வரிசை முழுக்கக் கறுப்பு வேட்டிதான். சித்திரைத் திருவிழா பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்துக்குள் முழங்கால் வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு நான் யோசனை சொல்ல மாட்டேன்.

கிழமையில் செவ்வாய், வெள்ளி வேண்டாம். சனி, ஞாயிறும் வேண்டாம். புதன் அல்லது வியாழன் வைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் அன்றைக்கு முகூர்த்தம் போட்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாளில் நகருக்குள் வண்டி நகராது, மாலை கழுத்தோடு புது ஜோடிகள் கோயிலை நிரப்பியிருப்பார்கள். (அம்மாக்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கைதான். "பொண்ணு கட்டியிருக்கிற பட்டு நல்லாருக்கு" என்று நின்றுவிடுவார்கள்.)

வண்டியும் பையும்

நாள் வாடகைக்கு ஒரு கார், தெரிந்த டிரைவர். முழங்கால் வலிக்குத் தாழ்வான காரும் சிரமம், ரொம்ப உயரமான காரும் சிரமம். உட்காரும் இடம் இடுப்பு உயரத்துக்கு இருந்தால் சுளுவாக ஏறி இறங்கலாம். பெரிய வண்டிதான் கிடைத்தது என்றால் வீட்டு முக்காலி ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். கால் வலிக்காரருக்கு முன் சீட். டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அவசரப்படுத்தக் கூடாது, காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாகக் கொடுத்துவிடுவோம் என்று.

பையில் மாத்திரை, மருந்துச் சீட்டு, வெந்நீர், ஒரு துண்டு, நாலு பிஸ்கட், சர்க்கரை குறைந்தால் வாயில் போட மிட்டாய். மாற்றுச் சேலை அல்லது வேட்டி ஒன்று. அப்புறம் சில்லறை. பத்து ரூபாய் நோட்டுகளாக மாற்றி அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள். பூவுக்கும் அர்ச்சனைத் தட்டுக்கும் பிச்சை கேட்பவர்களுக்கும் அவர் கையால் கொடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் உங்களைத் திரும்பிப் பார்க்கும்படி வைக்காதீர்கள்.

காலை: மீனாட்சி கோயில்

நடை விடிகாலையிலேயே திறந்துவிடும். மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்திவிட்டு மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆறரை மணிக்குள் உள்ளே இருப்பது போல் கிளம்புங்கள். ஒன்பதுக்கு மேல் கூட்டம் ஏறும், பதினொன்றுக்கு மேல் வெளிப்பிராகாரக் கல் கொதிக்கும்.

சித்திரை வீதிகளுக்குள் கார் போகாது. வடக்கு ஆவணி மூல வீதியில் மல்டிலெவல் பார்க்கிங் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து பெரியவர்களை நடக்கவைக்க வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் எவ்வளவு தூரம் விடுகிறார்களோ அங்கே அவர்களை இறக்கிவிட்டு, வண்டி மட்டும் பார்க்கிங்குக்குப் போகட்டும். சித்திரை வீதியைச் சுற்றிப் பேட்டரி கார் ஓடுகிறது, முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் உண்டு. நாற்காலி என்றதும் "நான் என்ன நோயாளியா?" என்பார்கள். "உள்ள 14 ஏக்கருக்கு மேல இருக்கும்மா, போகும்போது நடங்க, திரும்பும்போது உக்காந்துக்கங்க" என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

செருப்பைக் காரிலேயே விட்டுவிடுங்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபிறகு செல்போனை உள்ளே விடுவதில்லை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், அல்லது டிரைவரிடமே விட்டுவிடலாம். இதில்தான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஒருவரையொருவர் கூப்பிட வழியில்லை. அதனால் நுழைவதற்கு முன்பே ஒரு இடம் பேசிவையுங்கள். முக்குறுணிப் பிள்ளையார்தான் அதற்குத் தோது. ஆளுயரத்துக்கு மேல் பெரிய உருவம், யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். உங்கள் நம்பரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அம்மாவின் சுருக்குப்பையில் போட்டுவிடுங்கள்.

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியாகப் போய் முதலில் அம்மன், பிறகு சுவாமி. மதுரையில் எப்போதும் இந்த வரிசைதான். சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்துச் சாமி பார்ப்பதா என்று அப்பா முறைத்தால், கால் வலிக்காக என்று சொல்லிவிடுங்கள்.

சுவாமி சந்நிதிப் பக்கம் வெள்ளியம்பலத்தைத் தவறவிடாதீர்கள். மற்ற ஊர்களில் நடராஜர் இடது காலைத் தூக்கி ஆடுவார். இங்கே வலது காலைத் தூக்கியிருக்கிறார். எப்போதும் ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டிய ராஜா கேட்டுக்கொண்டதால் கால் மாற்றி ஆடினார் என்பது திருவிளையாடல் கதை. முழங்கால் வலியோடு நிற்கிறவர்களுக்கு இந்தக் கதை என்னைவிட உங்களைவிட நன்றாகப் புரியும்.

தரிசனம் முடிந்ததும் நேரே வெளியே வந்துவிடாமல் பொற்றாமரைக் குளத்துப் படிக்கு வாருங்கள். கோயிலில் நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது இந்த இடத்துக்குத்தான். குறைந்தது அரை மணி நேரம். தங்க விமானம் இங்கிருந்து தெரியும், தெற்குக் கோபுரம் முழுசாகத் தெரியும். நான்கு கோபுரங்களில் உயரமானது அதுதான், ஏறக்குறைய 170 அடி. சுற்றுச் சுவரில் திருக்குறளைப் பளிங்குக் கல்லில் பதித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தலைமுறை அப்பா என்றால், முதல் அடியைப் பார்த்துவிட்டு இரண்டாவது அடியைப் பார்க்காமலே சொல்வார். அந்த அரை மணியில் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம். அவர்கள் பேசுவார்கள். யார் யாரோடு இந்தப் படியில் உட்கார்ந்தது, அப்போது தண்ணீர் எப்படி இருந்தது, எந்தக் குழந்தைக்கு மொட்டை போட்டுவிட்டு இங்கே வந்தது எல்லாம் வரும்.

ஆயிரங்கால் மண்டபம் முடிந்தால் பாருங்கள். உள்ளே இருப்பது 985 தூண். கால் வலிக்கிறது என்றால் விட்டுவிடலாம், அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

பத்து மணி முதல் மூன்று மணி வரை

வெளியே வந்து டிபன். மதுரையில் இட்லிக்குப் பஞ்சமில்லை, எந்தக் கடை என்று நான் சொல்லி வம்பை விலைக்கு வாங்கப்போவதில்லை. மாடிப்படி இல்லாத, தரைத்தளத்திலேயே கைகழுவும் இடமும் பாத்ரூமும் உள்ள ஹோட்டலாக இருக்கட்டும். விடிகாலையில் எங்கேயாவது பருத்திப்பால் வண்டி கண்ணில் பட்டால் ஒரு டம்ளர் வாங்கிக்கொடுங்கள். பருத்திக்கொட்டைப் பாலில் சுக்கு, ஏலம் தட்டிப்போட்டுக் காய்ச்சியது, வயதானவர்கள் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. ஜிகர்தண்டா அப்படியில்லை. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கினால் போதும், சர்க்கரை உள்ளவருக்கு ஒரு ஸ்பூன்.

அதன் பிறகு படுக்கை. மதுரையிலோ பக்கத்திலோ வீடு இருந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இல்லையென்றால் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு ஏசி ரூம் போட்டுவிடுங்கள், லிப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. "நாலு மணி நேரத்துக்கு ரூமா, காசு என்ன மரத்துல காய்க்குதா?" என்று ஒரு குரல் வரும். மாலைப் பயணம் நடக்குமா நடக்காதா என்பது இந்த ரூமில்தான் இருக்கிறது. காலை நீட்டி ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தவர் வேறு ஆள்.

மாலை: கீழடி

மதுரையிலிருந்து ராமநாதபுரம் சாலையில், விரகனூர், சிலைமான் தாண்டி 12, 13 கிலோமீட்டர். வைகையை ஒட்டிய தென்னந்தோப்பு ஊர். சிவகங்கை மாவட்டம் என்றாலும் நமக்கு அது மதுரைப் பக்கம்தான். அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது. செட்டிநாட்டு வீடு போலத் தூணும் முற்றமுமாகக் கட்டியிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

கோயிலைப் பெரியவர்களுக்கு நாம் காட்ட வேண்டியதில்லை. கீழடியில் மட்டும் நாம்தான் முன்னால் போய்ப் பலகையைப் படித்து விளக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த வேலையைச் செய்யாதீர்கள். சுருக்கமாக இதை மட்டும் சொல்லுங்கள்: 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது, பின்னால் மாநில அரசு தொடர்ந்தது, கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் வந்திருக்கிறது. இது போதும். மீதியை அவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வட்டமான சின்னச் சின்ன ஓட்டுச் சில்லுகள் இருக்கும். நமக்கு அது உடைந்த பானை. கிராமத்தில் வளர்ந்த அம்மாவுக்கு அது பாண்டி ஆடும் சில்லு. ஓரம் கையைக் கீறாமல் இருக்கக் கல்லில் தேய்த்து வட்டமாக்குவார்கள் என்பதை அவர் செய்தே பார்த்திருப்பார். நடுவில் துளை போட்ட சுடுமண் உருண்டை தக்களி, நூல் நூற்க. தந்தத்தில் செய்த பகடையைப் பார்த்ததும் தாயக்கட்டைப் பேச்சு வரும், யார் வீட்டுத் திண்ணையில் யார் கள்ளாட்டம் ஆடினார்கள் என்பதுவரை. உறைகிணற்றைப் பார்த்து அப்பா, மணல் பாங்கான இடத்தில் உறை இறக்காமல் கிணறு நிற்காது என்பார். பானை ஓட்டில் கீறிய 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்ற பெயர்களைக் காட்டுங்கள், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் இருக்கும். பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டித் தரும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அதற்கு விளக்கமே வேண்டாம்.

பக்கத்து ஊரான கொந்தகையில் எடுத்த முதுமக்கள் தாழிகள் (இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானைகள்) பற்றியும் இங்கே இருக்கிறது. வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் அந்தப் பக்கம் அவர்களாகப் போனால் போகட்டும், நீங்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

ஒரு கட்டடம் முடிந்ததும் உட்காரவையுங்கள். எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. அவர்கள் பேசுவதை உங்கள் போனில் பதிவு செய்துவையுங்கள், இங்கே போன் கையில் இருக்கும். படம் எடுப்பதைவிட அது நல்லது. படத்துக்கு நின்றால் எல்லா அப்பாக்களும் பாஸ்போர்ட் போட்டோ முகத்தைத்தான் வைப்பார்கள்.

திரும்பும் வழி: தெப்பக்குளமும் சுங்குடியும்

விரகனூர் வழியாகவே திரும்பினால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வந்துவிடும். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. வைகைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரம்பும். காலையில் முக்குறுணிப் பிள்ளையாரைப் பார்த்தீர்களே, அவர் இந்தக் குளத்தைத் தோண்டும்போது கிடைத்தவர் என்று சொல்வார்கள். காலையில் பிள்ளையாரையும் மாலையில் அவர் கிடைத்த பள்ளத்தையும் பார்த்துவிட்டதில் பெரியவர்களுக்கு ஒரு திருப்தி. கரைச் சுவரில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம். தை மாதத் தெப்பத் திருவிழா அன்றைக்கு மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள்.

சேலை வாங்க ஆசைப்பட்டால் சுங்குடி. முன்பு எல்லோரும் புதுமண்டபத்துக்குப் போவார்கள், அங்கிருந்த கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடைகளிலும் கிடைக்கும். சுங்குடி என்று விற்பதில் நிறைய அச்சுப்போட்டது. கையால் முடிச்சுப்போட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் ஒரே அளவில் இருக்காது, துணியைத் தடவினால் முடிச்சுப் போட்ட இடம் லேசாகச் சுருங்கிப் புடைத்திருக்கும். அம்மா எடுத்துத் தடவிப் பார்க்கட்டும், விலைச்சீட்டை மட்டும் அதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லிக் கழற்றிவிடுங்கள்.

கோயில் வேண்டாம் என்பவர்களுக்கு, கோயில்தான் வேண்டும் என்பவர்களுக்கு

சாமி கும்பிடாத அப்பாக்கள் மதுரையில் உண்டு. அவர்களுக்குக் காலையில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை அது, 1959இல் நேரு திறந்துவைத்தார். சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. முடிந்தால் மேலமாசி வீதியில் அவர் 1921 செப்டம்பரில் தங்கியிருந்த வீட்டையும் பார்த்துவிடுங்கள். அங்கேதான் சட்டையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். இப்போது கதர்க் கடை. துண்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

கோயில்தான் வேண்டும், அதுவும் கூட்டம் இல்லாமல் வேண்டும் என்றால் அழகர்கோயில், வடக்கே 21 கிலோமீட்டர். அடிவாரக் கோயில் அநேகமாகச் சமதரை. பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் சாத்திக் கும்பிடுகிறார்கள். பிரசாதத் தோசை தடிமனாக, தோல் உளுந்தும் மிளகும் சுக்கும் போட்டு நெய்யில் சுட்டது, ஒன்றை நாலு பேர் பிய்த்துச் சாப்பிடலாம். குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கும், கழற்றிப் பையில் வையுங்கள். பழமுதிர்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் மேலே வண்டியில்தான் போக வேண்டும். கால் நன்றாக இருந்தால் மட்டும்.

நாயக்கர் மஹால் 1636இல் கட்டியது, வாசலில் படி ஏற வேண்டும். தூண்களைப் பார்த்து வியக்க இருபது நிமிடம் போதும். திருப்பரங்குன்றம் முருகனைப் பார்க்க மண்டபம் மண்டபமாகப் படி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் தேறியபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரவு

எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழியில் பரோட்டாக் கடை வாசனை உங்களைக் கூப்பிடும், நீங்கள் அப்புறம் தனியாகப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இடியாப்பமோ ரசம் சாதமோ. படுக்கும்முன் வெந்நீரில் கால் வைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர் என்றால் நீங்கள் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் தண்ணீரை வைக்க வேண்டும், பாதத்தில் சூடு உறைக்காது. வெறுங்காலோடு கல்லில் நடந்திருப்பதால் பாதத்தில் கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ராத்திரி மாத்திரை போட்டார்களா என்றும் ஒரு முறை கேளுங்கள், அலைச்சலில் மறந்துபோவது அதுதான்.

மறுநாள் காலையில் எந்த வேலையும் வைக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷமே இருந்தாலும் மாலையில் தலையைக் காட்டிக்கொள்ளலாம்.